ஒட்டாத நோய்

முனிரத்தினம் சட்டையைக் கழற்றியதும் அவன் முதுகிலிருந்து வெள்ளைச் செதில்கள் பெஞ்சின் மேல் உதிர்ந்தன. அவன் மனைவி தனகோடி கிட்டே வராமல் கதவோரமாகவே நின்றாள்.

ஆம்பூர் டிஸ்பென்சரியில் இதைவிட மோசமான புண்களையெல்லாம் பார்த்தவர் டாக்டர் சவுரியம்மாள். செதிலோ, அவன் மேல் வீசிய தோல் பதனிடும் ஷாப்பு நாற்றமோ அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற விதம்தான் குமட்டியது.

"குஷ்டம்னா ஊர்ல வெக்க மாட்டோம், குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்னு ஷாப்பு மேஸ்திரி சொல்ட்டாரு டாக்டரம்மா. வெளிய தான் நிக்கிறாரு" என்றான் முனிரத்தினம்.

டாக்டர் ஒரு படையைச் சுரண்டினார். வெள்ளித் தகடு போலச் செதில் பெயர்ந்து, அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்தது. ஊசி முனையால் குத்திய இடத்திலெல்லாம் அவன் துள்ளினான்.

"குஷ்டம்னா இப்படி வலிக்காதுப்பா. இது சொரியாசிஸ்னு ஒரு செதில் படை. யாருக்கும் ஒட்டாது."

"நல்லா பாத்தீங்களாம்மா?" தனகோடி மெல்லக் கேட்டாள். "அதுவா இருக்காதா?"

"இல்லேன்றேன். சந்தோஷப்படுவியா, அத வுட்டுட்டு!"

டாக்டர் தார்க்களிம்பு டப்பாவை நீட்டினார். அதை வாங்க முனிரத்தினம் கையை உயர்த்தினான். தனகோடி தலையைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. இவளெல்லாம் ஒரு பெண்சாதியா என்றிருந்தது.

"ஏம்மா, உன் புருஷன்தானே? அவன் கை பட்டா செத்தா பூடுவே? தினம் நீதான் இதத் தடவி வுடணும், தெரிஞ்சுதா?"

"அவளத் திட்டாதீங்கம்மா. பயந்துட்டா, பாவம்" என்றான் முனிரத்தினம் பதமாக. சட்டையை மாட்டிக்கொண்டு, மேஸ்திரியிடம் நல்ல சேதி சொல்ல வெளியே போனான்.

எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டே டாக்டர் கை கழுவத் திரும்பினார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தனகோடி திரும்பி நின்று முதுகுச் சேலையை விலக்கினாள். தோல்வாரால் அடித்த தடிப்புகள் தோளிலிருந்து இடுப்பு வரை ஓடின. பழையவை கறுத்திருந்தன; புதியவற்றில் சீழ் கோத்திருந்தது.

"குஷ்டம்னே மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்கம்மா."