அக்கா மகளுக்கு வாய் நீளம்

"தம்பிமார் ரெண்டு பேரின்ர ரத்தமும் உங்களுக்கு ஒத்துவரேல்லை, வீரய்யா."

டாக்டர் சிவகௌரி இதைச் சொல்லத் தயங்கினார். வீரய்யாவோ பஸ் தவறிப்போனது போலத் தலையை ஆட்டினார்.

"அவனுங்க எதுலதாங்க ஒத்து வந்திருக்கானுங்க? லயத்து வீட்டுக் கூரைக்கு ஒரு தகரம் மாத்தக்கூட ஒத்து வரலைங்க."

பக்கத்தில் இருந்த மனைவி ராக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். வீரய்யாவுக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரை இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும், அதற்குள் ரத்தம் ஒத்துவரும் உறவுக்காரர் ஒருவரின் எலும்பிலிருந்து எடுத்து இவருக்கு ஏற்ற வேண்டும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் சிவகௌரி. மாதம் ஒரு நாள் ஹட்டனில் கிளினிக் வைப்பார். கையிலிருந்த உறவுகளின் பட்டியலை மறுபடி பார்த்தார். 'மனைவி ராக்காயி' என்ற வரியை அவர் முதல் நாளே கோடு போட்டு அடித்திருந்தார். கட்டினவள் வேறு ரத்தம்தானே.

"ஏங்கம்மா, எலும்புலேர்ந்து எடுத்தா, குடுக்குறவங்களுக்குக் கொறைஞ்சு போகாதா?" என்று கேட்டாள் ராக்காயி.

"இல்லை. எலும்புக்குள்ள மச்சை எண்டு மெத்தெண்ட ஊன் இருக்கு. அதில ஸ்டெம் செல் எண்டு, ரத்தம் முழுக்க உண்டாக்கிற தாய்க் கலங்கள். கொஞ்சம் எடுத்தாலும் திரும்ப வளந்திடும். இவருக்கு ஏத்தினா, இவரின்ர எலும்புக்குள்ளயும் புதுசா வளரும்."

"கவ்வாத்து மாதிரிங்க. தேயிலைச் செடிய மொட்டையா வெட்டினாலும் மூணு மாசத்துல தளுத்துருது."

"அதேதான். உங்களுக்கு டக்கெண்டு விளங்கிட்டுது."

"இவரு இருவத்தஞ்சு வருசமா கவ்வாத்து வெட்டுறாரு. ஆனா ஊசியப் பாத்தா கண்ண மூடிக்குவாரு."

"வெட்டுற கத்தி என் கையில இருக்குல்ல," என்றார் வீரய்யா.

டாக்டர் பேனாவை எடுத்தார். "கூடப் பிறந்தவை வேற ஆர் இருக்கினம்?"

"ஒரு அக்கா. தவறி இருவது வருசமாச்சுங்க."

"அவவுக்குப் பிள்ளையள்?"

வீரய்யா சுவரில் தொங்கிய 2004ஆம் ஆண்டுக் காலண்டரைப் பார்த்தார். "ஒரே மக."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. எங்க இருக்கிறா?"

"எங்க தோட்டத்துலதாங்க. ஆனா அவ வேணாங்கம்மா."

"ஏன்?"

"வாய் நீளம். ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா. அவ சரக்க ஏத்திக்கிட்டா எனக்கும் அந்த வாய் வந்துரும்."

ராக்காயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு பொல்லாதவளா அவ?"

"ஒனக்குத் தெரியாதாக்கும். கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ளையே அவளக் கண்டா ஒதுங்கிப் போறாரு."

"நிறுவைய ஒழுங்காப் பாருங்கன்னு கேட்டா அது பொல்லாத்தனமா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவவோட பேச்சு வார்த்தை இல்லையோ?"

"ஏன் இல்லாம? தெனமும் பேச்சு வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பகிடியை விடுங்கோ, வீரய்யா. இது உங்கட உயிர்."

வீரய்யா குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அக்கா கண்ண மூடுறப்போ என் கையப் புடிச்சுக்கிட்டு, எம் புள்ளைக்கு ஒரு நோவு வராமப் பாத்துக்கடான்னு சொல்லிச்சுங்க. சரின்னேன். இப்ப என் உசுருக்காக அவ எலும்புல ஊசி குத்தச் சொல்லவா?"

ராக்காயி மூக்கை உறிஞ்சினாள். டாக்டர் பட்டியலின் கடைசியில் 'அக்கா மகள்' என்று எழுதி, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டுச்சீட்டும் எழுதி நீட்டினார். வீரய்யா கையை நீட்டவில்லை. ராக்காயிதான் வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"நான் போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்," என்று எழுந்து போனாள்.

திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது.

"ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு நேரமா?"

"சூடா இருந்துச்சு," என்றாள் ராக்காயி.

அடுத்த கிளினிக்கில் அவர்கள் உட்காரும் முன்பே டாக்டர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"வீரய்யா, உங்கட அக்கா மகள் பொல்லாதவதான். நீங்கள் வேண்டாமெண்ட அண்டைக்கே வந்து ரத்தம் குடுத்திட்டுப் போயிருக்கிறா. முழுக்க ஒத்துப் போகுது. தம்பிமாருக்கு வராதது அவவுக்கு வந்திருக்கு. இனி நம்பிக்கையா இருக்கலாம்."

வீரய்யா ராக்காயியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிறப்புச் சான்றிதழ்ப் பேர் இராசமணி எண்டு பதிஞ்சிருக்கினம். நான் அவவை ஒருக்காப் பாக்க வேணும். எப்ப கூட்டிக்கொண்டு வாறீங்கள்?"

"வந்திருக்காங்கம்மா," என்றாள் ராக்காயி.

டாக்டர் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அந்த இராசமணி நான்தாங்க, ராக்காயிங்கிறது கூப்புடுற பேரு. பொண்டாட்டி ரத்தம் சேராதுன்னு மொத நாளே என் பேர அடிச்சிட்டீங்களா, கல்யாணம் ஆனதும் ரத்தம் மாறிரும் போலன்னு நானும் பேசாம இருந்துட்டேன். உங்க ஊருல எப்படியோ, எங்க பக்கம் அம்மா செத்த மறு வருசம் தாய்மாமன்தாங்க எனக்குத் தாலி கட்டுனாரு."

"நான் அப்பவே சொன்னேனேங்கம்மா, வாய் நீளம்னு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் வீரய்யா.