டேப் ஒட்டிய மோட்டார் சைக்கிள்

“மூச்சை உள்ளுக்கு இழுங்கோ. இன்னும்... இன்னும் கொஞ்சம்!”

யதுஷா பல்லைக் கடித்துக்கொண்டு உடுப்பின் ஸிப்பை இழுத்தாள். ஒருவழியாக அது அவள் கணவன் சுகிர்தனின் தொந்தியைத் தாண்டிக் கழுத்துவரை ஏறியது. ஒஃபிஸ் நண்பன் அர்ஷாத்திடம் இரவல் வாங்கிய தோல் உடுப்பு. பைக்கில் குனிந்திருப்பவனுக்கென்று தைத்ததால், போட்டவன் நிமிர்ந்து நிற்க முடியாது.

“எப்பிடி இருக்கு?”

“இடுப்புப் பிடிச்ச ஆள் மாதிரி இருக்கு.”

சுகிர்தன் பைக் ஓடப் பழகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கிருலப்பனைத் திருப்பத்தில் ஒருதரம் விழுந்து எழும்பியும் ஆயிற்று. அப்படிப்பட்டவன் நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் ட்ரக்கில், பந்தயப் பாதையிலேயே, ஓடப் போகிறான். புதியவர்களும் சொந்த பைக்கைக் கொண்டுவந்து ஆசை தீர ஓடலாம் என்று ட்ரக்கைத் திறந்துவிடும் நாள் அது. “அவன் வரமாட்டான், மனுசி விடாது” என்று அர்ஷாத் ஒஃபிஸ் முழுக்கச் சொல்லித் திரிந்ததிலிருந்து சுகிர்தனுக்கு இது மானப் பிரச்சினை.

யதுஷா ஒரு கிழமையாகச் சண்டை பிடித்தாள். “எனக்குப் பயமா இருக்கப்பா” என்று அழுதும் பார்த்தாள். புதுக்கடை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை ஒரு கை பார்க்கும் சட்டத்தரணிக்கு, வீட்டில் மட்டும் வழக்கு எடுபடவில்லை. நேற்றோடு விட்டுவிட்டாள். “போறதெண்டு முடிவெடுத்தாச்சு. அப்ப ஒழுங்கா வெளிக்கிட்டுப் போங்கோ” என்று அவளே உதவிக்கு வந்தபோது சுகிர்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தொடர்மாடியின் கீழே, பைக்குக்குப் பக்கத்தில் நின்று அவன் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த உடுப்போடு போனைக் காதுவரை கொண்டுபோக முடியவில்லை. யதுஷாதான் எடுத்தாள்.

“சொல்லுங்கோ அர்ஷாத்... டேப்போ?... ஓம், ஓம், நான் பாக்கிறன்.”

“என்னவாம்?”

“விழுந்தா கண்ணாடி உடைஞ்சு ட்ரக்கெல்லாம் சிதறுமாம். டேப் ஒட்டோணுமாம்.”

அவளே மேலே ஓடிப்போய்க் கறுப்பு டேப் எடுத்துவந்தாள். முன் லைட், பின் லைட், பக்கக் கண்ணாடி என்று ஒன்றும் விடாமல் சுற்றினாள். பிறகு பைக்கின் பின்பக்கம் போய்க் குந்தினாள்.

“நம்பர் பிளேட்டுக்குமோ?”

“தகரமெல்லே? விழேக்க வெட்டிப்போடும்.”

அதுவும் சரிதான் என்று அவனுக்குப் பட்டது. தன்மேல் எவ்வளவு அக்கறை!

“எனக்கு மத்தியானம் அங்கயே சாப்பாடு தருவினம். நீர் என்ன செய்யப்போறீர்?”

“தனிய எனக்கென்ன சமையல்? கடைப் பாணும் சம்பலும் காணும்.”

மறுநாள் விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, யதுஷா கையசைக்க, சுகிர்தன் புறப்பட்டான். தெஹிவளைப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

“தம்பி, இறங்கு!”

இரண்டு பொலிஸ்காரர் துப்பாக்கியோடு வழியை மறித்தார்கள். முகத்தை மூடிய ஹெல்மெட், கறுப்பு உடுப்பு, நம்பர் தெரியாத பைக். கொழும்பில் ஆளைச் சுட்டுவிட்டுப் பறப்பவர்களின் அதே கோலம்.

“நிமிர்ந்து நில்!” என்று பொலிஸ் சார்ஜன்ட் சிங்களத்தில் கத்தினார். சுகிர்தன் எவ்வளவோ முயன்றான். உடுப்பு விடவில்லை. ஆள் எதையோ ஒளிக்கிறான் என்று சார்ஜன்ட்டுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பொலிஸ் நிலையத்திலிருந்து அவன் யதுஷாவுக்குப் போன் செய்தான். “பயப்பிடாதேங்கோ, நான் வாறன்” என்றாள். வந்து சேர மத்தியானமாகிவிட்டது. ஆனால் வந்தவள் பைக்கின் பத்திரங்களை மேசையில் அடுக்கி, டேப்பை உரித்து நம்பரைக் காட்டி, சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டாள். ரேஸ் போன கவலைகூட சுகிர்தனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தான்.

உடுப்பைக் கழற்றி மூச்சு விடுவதற்குள் அர்ஷாத்தின் போன்.

“எங்க மச்சான் நீ? மனுசி விடல்லையா?”

சுகிர்தன் நடந்ததையெல்லாம் சொன்னான்.

“நம்பர் பிளேட்டுக்கு டேப்பா? லைட்டுக்கும் கண்ணாடிக்கும்தானே சொன்னேன்! அதையும் ட்ரக்குக்கு வந்த பிறகுதான் ஒட்டணும், ரோட்டில பொலிஸ் பிடிக்கும்னு யதுஷாகிட்ட ரெண்டு தரம் சொன்னேனே!”

சுகிர்தன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

யதுஷா மேசையில் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். “கை கழுவிப்போட்டு வாங்கோ. நீங்கள் வெளிக்கிட்ட கையோட ரெண்டு பேருக்கும் ஆட்டிறைச்சி காய்ச்சினனான், ஆறப்போகுது.”