செயின் லாக்

பழைய செயினின் முனையில் புதுச் செயினைக் கோத்து இழுத்தான். இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அது சமர்த்தாக வெளியே வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மதியத்திலிருந்து செய்துகொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாப்பைப் பார்த்த ஷெட் வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவளுக்கு இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. வண்டி அவளுடையது. எடுத்துப் போக வந்திருக்கிறாள்.

இந்தச் செயினோடு போனால் வழியில் அறுந்துவிடும் என்று சொன்னது அவன்தான். பொய்யில்லை. ஆனால் வண்டி கிளம்பினால் அவளும் கிளம்பிவிடுவாள், அப்புறம் திரும்பி வரமாட்டாள். அதை நினைக்க நினைக்க அவனுக்குக் கை ஓடவில்லை.

இரண்டு முனைகளையும் பின்சக்கரத்துப் பல்லின் மேல் சேர்த்து, செயின் லாக்கைச் செருகி, தகட்டைப் பொருத்தினான். அதன் மேல் நகத்தளவு கிளிப்பைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது வேலை.

"முடிஞ்சுதா?" என்று அவள் எழுந்து வந்தாள்.

அவன் கைகளை விரித்தான். தரையைக் காட்டினான்.

"கிளிப்பைத் தொலைச்சாச்சா? நல்ல மெக்கானிக் போங்க."

அவளும் குனிந்து தேடினாள். கிரீஸ் டப்பாவை நகர்த்தினாள், சாக்கை உதறினாள். வண்டிக்கு அடியில் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

சிரிப்பு நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வீட்டை விட்டுப் போனப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லல. இப்பவாவது வாயைத் தொறந்து இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடறேன்."

அவன் உதடு துடித்தது. சட்டென்று எழுந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

கல்யாணமான நாளிலிருந்து, அவன் முதுகைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கு அது மனப்பாடம்.

ஹெல்மெட்டை சீட்டின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம்.

அவன் அவசர அவசரமாக விரலை வாய்க்குள் விட்டு, நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கிளிப்பைத் தோண்டினான். அது சதையைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. அதை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும், எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் திரும்பியிருந்தான்.

ஒருவழியாகக் கிளிப் ரத்தத்தோடு உள்ளங்கையில் விழுந்தது.

"இரு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

எதிர்ச்சாரியிலிருந்து பஸ் கிளம்பிவிட்டிருந்தது.