வசிப்பிடச் சான்று

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெறப் போகும் உச்சிமாகாளிக்கு உள்ளூர் வங்கியில் காவல் வேலை காத்திருந்தது. சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். அதை வாங்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு வசிப்பிடச் சான்று வேண்டும். ராணுவ அடையாள அட்டையில் அவன் முகம் இருந்தது, ஊர் இல்லை.

விசாரிக்க வீட்டுக்கு வந்த கிராம அதிகாரி சலித்துக்கொண்டார்.

"இருவது வருசம் ராஜஸ்தான், அசாமுன்னு கெடந்திருக்கீரு. இங்க குடியிருக்கீருன்னு எப்படிவே எழுத?"

அவன் மனைவி குருவம்மா கொடியில் கிடந்த நீலக் கைலியை உருவி விரித்தாள்.

"இவுகளுது சார். வாராவாரம் தொவைச்சுப் போடுதேன்."

"ஆளே இல்லாமலா?"

"இங்க குடியிருக்குத ஆளு துணில்லா, தொவைக்காம விட முடியுமா?"

கட்டாமலே வெளுத்துப் போயிருந்தது கைலி. உச்சிமாகாளி அதை இப்போதுதான் கவனித்தான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எத்தனை வருசம்னு போடட்டும்மா?"