காத்திருக்கும் மெயில்

"கிட்னி கிடைச்ச தகவல் மெயில்லதான் வரணும். மெயில் கொண்டு வர்ற மெஷினுக்கு நம்ம சர்வர் ஏன் பதில் சொல்லத் தாமதிக்குது? அந்தத் தாமதத்தை எடுங்க," என்று ஆஸ்பத்திரி மேலாளர் பதறினார்.

"எடுத்தா ஸ்பேம் வெள்ளமா வந்து சர்வரே படுத்துடும், சார். குப்பை அனுப்புற மெஷினுக்குப் பொறுமை கிடையாது. நம்ம சர்வர் பதில் சொல்றதுக்கு முன்னாடியே மெயிலைத் தள்ளி மாட்டிக்கும். நிஜ மெயில் காத்திருக்கும்," என்றான் கணினிப் பொறியாளன்.

"வெளியே நோயாளியோட அம்மா தவிக்கிறாங்க. உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் மட்டும் இன்பாக்ஸை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தது.

மெயில் வந்தது. கிட்னி பொருந்தியிருந்தது.

"நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றார் மேலாளர், நாற்காலியில் சரிந்தபடி.

அவன் வெளியே ஓடினான். அந்த அம்மாள் எழுந்து அவன் சட்டையைப் பற்றினாள்.

"உன் தம்பி பிழைச்சுடுவானாடா?"