மீன் இருந்த இடம்

குளத்தங்கரையில் ஒரு காகம் பசியோடு காத்திருந்தது. தெளிந்த நீரில் கெண்டை மீன் பளிச்சென்று தெரிந்தது. காகம் பாய்ந்து கொத்தியது. வாயில் வந்தது வெறும் தண்ணீர்தான்.

பக்கத்துக் கிளையிலிருந்த மீன்கொத்தி ஒரே பாய்ச்சலில் ஒரு கெண்டையைத் தூக்கி வந்தது. காகம் அசந்துபோனது.

“அக்கா, உங்க கண்ணுக்கு மட்டும் மீன் சரியாத் தெரியுதா?”

“உனக்குத் தெரியிற இடத்துலதான் எனக்கும் தெரியுது. ஆனா அங்கே மீன் ஒருநாளும் இருந்ததில்லையே!”

“அப்போ கண்ணு பொய் சொல்லுதா?”

“தண்ணி காட்டினதைத்தானே அது சொல்லும்? தெரியிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, இன்னும் ஆழமாத்தான் நான் பாய்வேன்.”

காகம் மூச்சை அடக்கிக்கொண்டு, மீன் தெரிந்த இடத்துக்குச் சற்று முன்னால் அலகை ஆழமாக விட்டது. வழுவழுப்பான வாலொன்று அலகில் உரசி நழுவியது.

மீன் தப்பிவிட்டது. ஆனாலும் நனைந்த சிறகோடு காகம் பூரித்துக் கத்தியது: “அக்கா, இருந்துச்சு! தெரியாத இடத்துலதான் இருந்துச்சு!”