ஹோஸ்ல ஒரு மடிப்பு

“சயந்தினி, ஹோஸைப் பிடிச்சு இழுக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லு.”

‘அவர்’ இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். இராஜசிங்கத்தின் மருமகன் கதிரேசன். கல்யாண விருந்தில் மாமனாரின் வரவேற்புரை நாற்பதாவது நிமிடத்தைத் தொட்டபோது, “சாப்பாடு ஆறுது மாமா” என்று மைக்கை வாங்கியவன். அன்றிலிருந்து இரண்டு வருடமாக இராஜசிங்கம் அவனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான்.

நாளைக் காலை குடும்பமே படுக்கை வசதியுள்ள வாடகைக் கேம்பர்வேனில் மலேசியா புறப்படுகிறது. மூன்று நாள், ஒரே வண்டிக்குள். சிங்கப்பூரில் பொங்கோல் வீட்டுக் கார்பார்க்கில் நிறுத்திச் சரிபார்த்தபோது, கடல் மணலைக் கழுவ வண்டிக்கு வெளியே வைத்திருந்த ஷவரில் மட்டும் தண்ணீர் வரவில்லை. ஹோஸ் உள்ளே எங்கோ மடிந்திருந்தது.

“முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காத பிரச்சினையா?” என்று இராஜசிங்கம் பின்பக்கப் பெட்டிக்குள் தலையை நுழைத்தார். அவர் வேலை பார்த்தது பதிவேட்டுப் பிரிவில்.

“காப்பிக்கடைக்குப் போய்ட்டு வரேன்பா.” சயந்தினி நழுவினாள்.

பிறகு பெட்டிக்குள்ளிருந்து பொதுவாக ஒரு குரல்: “ஷவரை யாராவது உயரப் பிடிச்சா நல்லாயிருக்கும்.”

கதிரேசன் பிடித்தான்.

“யாராவது பம்பையும் போடலாம்.”

போட்டான். ஒரு சொட்டு இல்லை.

“இன்னும் மேல... அட, மேல லா! குழந்தைக்குப் பால் புட்டியா காட்டுறீங்க நீங்க?”

‘நீங்க’ வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. தண்ணீரின் அழுத்தம், எல்லைச் சாவடி நெரிசல், கதிரேசனுடைய அம்மாவின் முட்டி வலி எல்லாம் வந்து போயின.

“அன்னிக்கு நிஜமாவே சாப்பாடு ஆறிடுச்சா?”

“பிரியாணி ஐஸ்கட்டி மாமா.”

பெட்டிக்குள் சிரிப்பு அதிர்ந்தது. மறு நிமிடம் தண்ணீர் சீறி வந்து கதிரேசனைக் குளிப்பாட்டியது.

“எப்படி மாமா சரி பண்ணீங்க?”

“அனுபவம், மாப்பிள்ளை.”

அவரைத் தேடிக்கொண்டு வந்த மனைவி புஷ்பராணி லிப்டில் கேட்டாள்: “ஒரு மடிப்பைப் பிரிக்க ஒரு மணி நேரமா?”

இராஜசிங்கம் சட்டைப் பையிலிருந்து, வெட்டிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“என்னைப் பேச வைக்கணும்னு உன் மருமகன் ஹோஸை மடிச்சுக் கட்டி வெச்சது. உள்ள தலையை விட்டதுமே வெட்டிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரமா மடிச்சுப் பிடிச்சிருந்தது நான்தான்.”